பரிசல்: நம் ஆறுகள் தேர்ந்தெடுத்த படகு



"மதுரைச் சீமையிலே படகைப் பற்றிப் பேச என்னங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். வைகையில் பாதி வருஷம் மணல்தான். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்குத் தெப்பம் மிதப்பதோடு சரி. ஆனால் 1959-இல் வைகை அணை வந்த பிறகு, அங்கே மீன் பிடிக்கிறவர்கள் எதில் போகிறார்கள்? பரிசலில்தான். அந்தப் பரிசலின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஹெரோடோட்டஸ், இன்றைய ஈராக்கில் ஓடும் யூப்ரடீஸ் ஆற்றில் தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையாவது இருக்குமாம்! ஆற்றோடு போய்ப் பாபிலோனில் சரக்கை விற்றதும், படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதைமேல் ஏற்றி நடந்தே ஊர் திரும்புவார்களாம். வேகமான ஆற்றை எதிர்த்து வட்டப் படகு ஏறாது. அதைத் தெரிந்தே தொழில் செய்தார்கள்.

நம் பக்கம் வருவோம். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், அங்கே ஆற்றைக் கடக்கக் கூடை போன்ற தோல் படகுகள் இருந்ததையும், ஒன்றில் 15, 20 பேர் ஏறியதையும், அவை சுற்றிச் சுற்றியே போனதையும் குறித்து வைத்திருக்கிறார்.

ஏன் இந்த வடிவம்? நம் ஆறுகளில் பாறை அதிகம். தண்ணீர் ஒரு நாளைப் போல் ஒரு நாள் இராது. அடி தட்டையான பரிசலுக்குக் கொஞ்சத் தண்ணீர் போதும். பாறையில் இடித்தால் மூங்கில் வளைந்து கொடுக்கும். படகுத்துறை வேண்டாம். சின்னப் பரிசலை ஒரு ஆளே தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறலாம். தோல் போய் தார் பூசிய சாக்கும், பிளாஸ்டிக்கும், ஃபைபரும் வந்தன. வட்டம் மட்டும் மாறவில்லை.

நீலகிரி மாவட்டம் தெங்குமரஹாடா விவசாயிகள் பல்லாண்டுகள் மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் பஸ் பிடித்தார்கள். வெள்ளம் வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். படகுக்கும் எல்லை உண்டு.

அந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும்? நமக்குப் பாசனத் தண்ணீர் தரும் பெரியாற்று நீர்த்தேக்கத்திலேயே, தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அது பரிசல் அல்ல, பெரிய இயந்திரப் படகு. ஆனாலும் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் எந்தப் படகும் தாங்காது.

ஆகவே, அக்கரைத் தோட்டத்துக்குத் தினமும் போகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஆழம் குறைந்து பாறை இருந்தால் பரிசல். அகன்ற, காற்றடிக்கும் நீர்ப்பரப்பானால் நீளப் படகு. எதுவானாலும் அளவாக ஏறுங்க, நடுவில் உட்காருங்க, மிதவைச் சட்டை போட்டுக்குங்க. வெள்ளம் வந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்க. ஒரு நாள் வேலை போனால் மறுநாள் செய்துகொள்ளலாம்.