மனச்சோர்வும் மூலிகை மருந்தும்

நம் சந்தாபுராவைத் தொட்டுச் செல்லும் ஓசூர்ச் சாலையில் தெற்கே சென்றால் தமிழக எல்லை. வடக்கே சென்றால் மனநல மருத்துவத்தில் நாடெங்கும் பெயர் பெற்ற நிம்ஹான்ஸ் நிறுவனம். பிறந்த ஊரைப் பிரிந்து வந்த நம்மவர்க்கு உறக்கமும் ஊக்கமும் குன்றி உள்ளம் சோரும் காலங்கள் உண்டு. அப்போது ஒருவர் ஊரிலிருந்து மூலிகைப் பொடியை வருவிக்கிறார்; மற்றொருவர் மருத்துவரை நாடுகிறார்; வேறொருவரோ இரண்டையும் உண்டு, ஒன்றை மற்றதற்கு மறைக்கிறார். எது தகும்? வரலாற்றையே கேட்போம்.

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர், சித்தம் கலங்கியோரை அமைதிப்படுத்த நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. வடநாட்டில் அதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர், மனக்கலக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவ்வேர் உதவுவதை எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் ஆற்றலை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட, உலகம் விழித்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். 1954-இல் அமெரிக்க மருத்துவர் நேதன் க்ளைன் மனநோயாளர்க்கு அது பயன்பட்டதை அறிவித்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்மருந்தை உண்டவருள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர் என்ற செய்தி பரவிற்று. மூளையில் செரட்டோனின் முதலிய பொருள்களை அது குறைப்பதும் தெரிய வந்தது. அக்குறைவே சோர்வுக்குக் காரணம் என்னும் கருத்து 1960-களில் வேரூன்ற இதுவும் துணையாயிற்று. எனினும் 1955-இலேயே இலண்டன் ஆய்வொன்று, பதற்றமும் சோர்வும் உடையோர்க்கு ரெசர்ப்பின் நலம் தந்ததாகக் கூறியது. அவ்வளவு எளிதன்று மனத்தின் இயல்பு என்பதே இன்றைய அறிஞர் கருத்து. அமைதி தரும் வேரே அல்லல் தரவும் கூடுமெனின், 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று நாம் சொல்லலாமா?

மேலைநாட்டில் ஹைப்பெரிக்கம் என்னும் மஞ்சள் மலர்ச்செடி உண்டு. ஜெர்மனியில் மருத்துவர்களே அதை எழுதித் தருவர். 29 ஆய்வுகளில் 5,489 நோயாளரைக் கண்டறிந்த 2008-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு, லேசான, நடுத்தரமான சோர்வுக்கு அது வெற்று மாத்திரையினும் மேலானது. வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ இணையானது என்று கண்டது. ஆயினும் கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின் ஆகியவற்றின் வலிமையை அது குறைத்துவிடும். சோர்வு நீக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தாலோ பேரிடர் விளையலாம். அதன் உறவான ஒரு செடி நீலகிரியில் வளர்கிறது. அதன் பெயரிலேயே மைசூர் உண்டு. ஆயினும் உறவு கருதி ஒன்றின் குணத்தை மற்றதற்கு ஏற்றிச் சொல்லுதல் பிழை.

நம் வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா ஆகியவற்றின் மீதும் ஆய்வுகள் நடந்துள்ளன. அவை பெரும்பாலும் சிறியவை. மருத்துவரின் மருந்தைக் கைவிடச் செய்யுமளவு உறுதி வாய்ந்தவை அல்ல. வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் 'பிரமி' என்னும் ஒரே பெயரால் விற்பதும் உண்டு. வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவானதே நிம்ஹான்ஸ். அங்கு இன்று ஆயுர்வேதமும் யோகமும் நவீன மருத்துவத்தோடு ஒருங்கே இடம்பெறுகின்றன. பழமையையும் புதுமையையும் பகையாக்க வேண்டுவதில்லை; ஆனால் ஒன்றை மற்றதற்கு மறைத்தல் ஆகாது.

ஆகவே அன்பர்களே, சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரை நாடுவோம்; உண்ணும் பொடியையும் கஷாயத்தையும் அவரிடம் ஒளியாது கூறுவோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் பொறுத்தல் கூடாது. 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். பக்கத்து வீட்டாரின் முகவாட்டத்தைக் கண்டு நலம் கேட்பதும் நம் சங்கத்தார் கடமையே. அவ்வன்புக்கு எவ்விடத்தும் தீங்கில்லை.