பரப்புச் செயலிகளும் பட்டு நூலும்

பரப்புச் செயலி என்பது நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்தும் பொருள். சவர்க்காரம், சலவைத்தூள், சிகைக்காய், பூந்திக்கொட்டை எல்லாவற்றிலும் அழுக்கை அகற்றுவது இதுவே. காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்தின் பெயரில் இருப்பது பருத்தி. அந்த வட்டாரத்துத் தறிகளுக்குப் பெயர் தந்ததோ பட்டு. இவ்விரண்டுக்கும் ஒரே செயலி, ஒரே காரம் ஒத்துவராது.

செயலியின் மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. நீரின் மேற்பரப்பில் தலை உள்ளேயும் வால் வெளியேயுமாக அவை நெருங்கி நிற்க, மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டனாக இருந்த இழுவிசை ஏறத்தாழப் பாதியாகும். நீர் நூலுக்குள் ஊறும். மேற்பரப்பு நிரம்பியபின் மிஞ்சியவை வால்களை உள்ளடக்கி உருண்டை கட்டும். மிசெல் எனப்படும் இந்த உருண்டைக்குள்தான் எண்ணெய் அழுக்கு ஒடுங்குகிறது. சோடியம் லாரில் சல்பேட் என்னும் செயலியில் மிசெல் உருவாவது லிட்டருக்குச் சுமார் 2.3 கிராமில் தொடங்கும். அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் இழுவிசை இறங்காது. அழுக்கை ஒடுக்குவது மிசெல்தான் என்பதால், நுரையின் அளவைக் கொண்டு செயலியைத் தேர்வது தவறு.

கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு செரிசின் என்னும் பசை. அது போகாவிட்டால் நூல் விறைப்பாக நிற்கும், சாயம் சீராக ஏறாது. நூல் கழிகளைச் சவர்க்கார நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வேகவைப்பது பழைய முறை. சவர்க்காரத்திலிருந்து பிறக்கும் மென்காரம் பசையை இளக்குகிறது. சவர்க்காரமே அதை நீரில் பரப்பி, திரும்ப நூலில் படியாமல் காக்கிறது. காரநிலை (pH) 9.5 முதல் 10.5க்குள் இருப்பது நல்லது. பருத்தியை வேகவைக்கும் எரிசோடாவைப் பட்டு தாங்காது. அதன் உள்ளிழையும் புரதம்தான், அரிக்கப்பட்டுவிடும்.

சவர்க்காரத்தின் பகை கடினநீர். கால்சியமும் மெக்னீசியமும் அதோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலில் ஒட்டும். சாயம் திட்டுத்திட்டாக விழும். நீரை மென்மையாக்க முடிந்த இடத்தில் பட்டுக்குச் சவர்க்காரமே மேல். முடியாதபோது மின்னூட்டமற்ற செயலி உதவும். ஆனால் அது குறிப்பிட்ட வெப்பத்தில் கலங்கிப் பிரியும்; அந்த வெப்பநிலை தொட்டியின் சூட்டைவிட உயர்ந்திருக்க வேண்டும்.

பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. நேர்மின்னூட்ட மென்மையூட்டியைச் சாயத்தொட்டியில் சேர்த்தால் இரண்டும் பிணைந்து படியும். மென்மையூட்டியின் இடம் கடைசி அலசல்.

வீட்டில் பட்டுச்சேலைக்குப் புரதத்தை அறுக்கும் நொதி சேர்த்த சலவைத்தூள் கூடவே கூடாது. கறையை அறுக்கும் நொதிக்குப் பட்டும் புரதமே. பூந்திக்கொட்டையின் சப்போனினுக்குக் காரம் தேவையில்லை என்பதால் நூலுக்கு அது இதமானது.

கழிவுநீரையும் கணக்கில் எடுத்தே செயலியைத் தேர வேண்டும். கிளைத்த வால் கொண்ட பழைய செயலிகளை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்கவில்லை. 1950களில் மேலைநாட்டு ஆறுகளில் நுரை மிதந்தது. நேர்வால் கொண்டவை பின்னர் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அவற்றுக்கு மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீன் சென்னை மணலியிலும் தயாராகிறது. ஆனால் பட்டு வேகவைத்த நீரில் செயலியோடு செரிசினும் இருக்கிறது; அது அழுகும்போது நீரின் ஆக்சிசனை உறிஞ்சும், எந்தச் செயலியைத் தேர்ந்தாலும்.