யானைத்தீ தணித்த சேலத்துச் செம்மல்

ஊட்டச்சத்து ஆய்வாளர் மருத்துவர் சி. கோபாலனைப் பற்றி நியூசிலாந்தின் கிளென்ஃபீல்டிலிருந்து எழுதுகிறேன். 1918 நவம்பர் 29 அன்று சேலத்தில் பிறந்து நூறாண்டு கண்ட அப்பெருமகனின் பட்டங்களும் பதவிகளும் நம்மவர் அறிந்தவையே; அவர் பணியை எண்ணும்போது எனக்கு நினைவில் எழுவது ஒரு பழங்கதை.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை, பொதியில் மலைச் சாரலில் விருச்சிக முனிவர் உண்ணவிருந்த நாவற்கனியை மிதித்துச் சாபம் பெறுகிறாள். எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாட்டுகிறது. ஆதிரை என்னும் கற்பரசி முதற்பிச்சை இட்ட, அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தின் சோறே அதைத் தீர்க்கிறது. பசியை நோயாகவும் சோற்றை மருந்தாகவும் கண்டவர் அக்காப்பிய ஆசிரியர் சாத்தனார். 1867இல் வடலூர் தருமச்சாலையில் வள்ளற்பெருமான் பசித்தோர்க்காக ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கோபாலன் இம்மரபின் அறிவியல் வாரிசு என்பது என் துணிபு.

அவர் பிறந்த ஆண்டில்தான் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து உருவான ஊட்டச்சத்து ஆய்வகத்தில் கோபாலன் சேர்ந்தார். 1958இல் ஆய்வகம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது.

அவர் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று இது: தக்காணத்து ஏழை உழவர்களுக்குக் கழுத்திலும் புறங்கையிலும் வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்துத் தடித்து உரிந்தது. அது நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா; மக்காச்சோளம் உண்போரின் நோய் என்றே அதை உலகம் அறிந்திருந்தது. இவர்களோ சோளம் உண்டவர்கள். உடல் நியாசினாக மாற்றிக்கொள்ளும் டிரிப்டோபேனுக்குச் சோளத்தில் குறைவில்லையே, பிறகேன் நோய்? அதில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம், உடல் நியாசினை ஆக்கிக்கொள்வதைக் குலைக்கிறது என்று 1960இல் கோபாலனும் உடன் ஆய்ந்த ஸ்ரீகாந்தியாவும் எழுதினர். அறிஞரிடையே நெடிய விவாதத்தை எழுப்பிய கருத்து அது.

ஏழைக் குழந்தைக்குப் புரதமே குறை என்று உலகம் புரதப் பொடிகளைத் தேடிய காலத்தில், குறை சோற்றின் அளவில்தான் என்று அவர் வாதிட்டார். அவரும் உடன் ஆய்வாளர்களும் ஊட்டம் குன்றிய குழந்தைகளுக்கு நாள்தோறும் 310 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள்; அதில் புரதம் வெறும் 3 கிராம். குழந்தைகள் உயரமும் எடையும் கூடி வளர்ந்தார்கள். எனக்கு இதுவே அமுதசுரபி.

நாம் வாழவந்த நியூசிலாந்திலும் மியூரியல் பெல் அம்மையார் 1940 முதல் சுகாதாரத் துறையின் ஊட்டச்சத்து அதிகாரியாக இருந்து, கழலை நோயை ஒழிக்க அயோடின் உப்புக்காகப் பாடுபட்டார். அவர் பணியாற்றிய ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு ஊட்டச்சத்தியல் பயிலப் போகும் நம் பிள்ளைகள், பெல் அம்மையாரின் கட்டுரைகளோடு சேலத்துக்காரரின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையையும் தேடிப் படிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.