குண்டு விழுந்த இடம் வரை

கடலூர்க்காரர்களுக்குக் குண்டு சாலை தெரியும். குண்டு உப்பலவாடி தெரியும். 'ஏங்க, அது என்ன குண்டு?' என்று கேட்டால் பலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பீரங்கிக் குண்டுதான் அது.

கெடிலம் கடலில் சேரும் இடத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. செஞ்சியில் இருந்த ராஜாராமை மொகலாயப் படை நெருக்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் காசு வேண்டும். வாங்கியவர் சென்னைக் கவர்னர் எலிஹு யேல். (அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சுமந்துகொண்டிருக்கிறதே, அதே பெயர்தான்.) கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரை. கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தான். செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். வட்டத்துக்குள் மாட்டிய ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூர்ப் பட்டணமும் உள்ளே வந்துவிட்டது.

இதைச் சாமர்த்தியக் கதையாகச் சொல்லி ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு ரசிக்க முடியவில்லை. முதலில் சொத்து, பிறகு அதைக் காக்க ஆயுதம் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஆயுதமே அளவுகோல். கோலும் கயிறும் வேண்டியிருக்கவில்லை. வயலில் நின்றவனுக்குத் தலைக்குமேல் போன சத்தம்தான் பத்திரம்.

புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமே இங்கு வந்தது. 1752 வரை இங்கிருந்துதான் அதிகாரம் நடந்தது. 1758 ஜூனில் லாலி முற்றுகையிட்டுப் பிடித்தான், இடித்துத் தள்ளினான். வாங்கி 68 வருஷம், அவ்வளவுதான். கோட்டை போயிற்று. அது சுட்டு எடுத்த நிலம் மட்டும் சுட்டவன் கைக்கே திரும்பியது.

கட்டிய கோட்டையின் கதை இப்படி என்றால், அதே சண்டைகளில் கோயில்களும் கோட்டைகளாக்கப்பட்டன. தெற்கே, கொள்ளிடத்துக்கு இந்தப்பக்கம் இருக்கிற சிதம்பரம் கோயிலின் மதிலுக்குள் பிரெஞ்சுப் படை இருந்தது. 1760இல் கம்பெனி வந்தது. பிறகு ஐதர் அலியின் ஆட்கள். நடராசர் சன்னிதியைச் சுற்றி வெடிமருந்து. நந்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மதில் யாரை வெளியே நிறுத்தியது என்று தெரியும். 1781 ஜூன் 18 இரவு அது ஜெனரல் அயர் கூட்டை வெளியே நிறுத்தியது. தாக்கிப் பார்த்து, ஆட்களை இழந்து, பின்வாங்கிப் போனார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் அவரே ஐதரை வென்றார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இந்த இரண்டாவதை மட்டும்தான்.