குருந்தடியில் கண்ட குரு

அறந்தாங்கி நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் விளங்குவது ஆவுடையார்கோயில். திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். முன்னாளில் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி, 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது அதன்பாற்பட்டது. மெய்க்குருவை நாடுவது எங்ஙனம், கண்டால் அறிவது எங்ஙனம் என்னும் வினாக்களுக்கு விடை தரும் வரலாறு இத்தலத்திற்கு உண்டு.

பாண்டிநாட்டுத் திருவாதவூரில் தோன்றிய வாதவூரர், அரிமர்த்தன பாண்டியனிடம் அமைச்சராய் அமர்ந்து, தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் பெற்றார் என்பது புராண வரலாறு. அவர் காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர் பலர். கல்வியும் செல்வமும் அதிகாரமும் ஒருங்கே வாய்த்தும் அவர் உள்ளம் அமைதி பெற்றிலது. பிறவிப் பிணி தீர்க்கவல்ல ஆசானை அவர் நெடுநாள் நாடியிருந்தார். பசித்தவனுக்கே உணவின் அருமை தெரியும். தேடியவருக்கே குரு புலப்படுவார்.

குதிரை வாங்குமாறு அரசன் பெரும்பொருள் தந்து அனுப்ப, வாதவூரர் பெருந்துறையை அடைந்தார். அங்கே குருந்த மரத்தின் நிழலில், அடியார் புடைசூழ, கையில் ஏட்டுடன் வீற்றிருந்தார் ஒரு குரவர். “அஃது என்ன நூல்?” என வாதவூரர் வினவ, “சிவஞானபோதம்” என விடை வந்தது. சிவம் யாது, ஞானம் யாது, போதம் யாது என அவர் மேலும் வினவினார். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டினது. ஆதலின் இங்குக் குறித்தது அப்பெயர் சுட்டும் மெய்யுணர்வே எனக் கொள்ளுதல் பொருந்தும். வினாவைக் குரவர் வெறுத்திலர், விளக்கி ஆட்கொண்டார். கேட்பவனைக் கடிந்து வாயடைப்பவர் குருவாகார் என்பது இதனாற் பெறப்படும்.

அரசன் பொருள் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவாயிற்று. அன்பினால் செய்ததாயினும், பிறர் பொருளுக்குக் கணக்குச் சொல்லும் கடன் எஞ்சி நின்றது. குரு சீடரைத் தம்மிடம் ஒளித்து வைத்தாரில்லை. ஆவணி மூலத்தில் குதிரை வரும் எனச் சொல்லுமாறு பணித்து மதுரைக்கே திருப்பி அனுப்பினார். நரிகள் பரிகளாகி வந்தன. இரவில் மீண்டும் நரிகளாயின. வாதவூரர் ஒறுக்கப்பட்டார். வையை பெருகிற்று. பிட்டு விற்கும் வந்தியின் கூலியாளாய் மண் சுமக்க வந்த இறைவன், தன் முதுகிலே பிரம்படி தாங்கினான். பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களுள் 58 முதல் 61 வரையுள்ளவை இவ்வரலாறே. குருந்தடியில் உபதேசித்தவனும் கரையில் அடிபட்டவனும் ஒருவனே என்பதை உன்னுக. சீடன் தோளில் சுமை ஏற்றித் தான் சுகித்திருப்பவன் போலி. சீடன் துன்பத்தைத் தானும் ஏற்பவனே குரு.

குருவை அறிய வயதும் புகழும் அளவுகோலாகா. சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்ட அருணந்தியார், திருவெண்ணெய்நல்லூரில் இளஞ்சிறாராகிய மெய்கண்டாரிடம் சென்று ஆணவத்தின் இயல்பை வினவினார். சிறுவர் வாய் திறவாது அவரையே நோக்கினார். தம் செருக்கே விடையெனத் தெளிந்த முதியவர் அடிபணிந்தார் என்பது மரபு. குறையைக் காட்டியபோது சினவாமல் உணர்ந்தது சீடரின் தகுதி.

பெருந்துறைக் குரவர் அடியாருடன் மறைந்தருளியபோது வாதவூரர் ஆற்றாது வருந்தினார். அவ்வருத்தமே திருவாசகமாய்க் கனிந்தது. தம் உருவத்தோடு சீடரைப் பிணித்து வைக்காமல், பரம்பொருளை நோக்கி விடுத்தது குருவின் பேரருள். இன்றும் அத்திருக்கோயிற் கருவறையில் இலிங்கத் திருவுருவம் இல்லை; ஆவுடை மட்டுமே உள்ளது. யோகாம்பிகையும் திருவடியாகவே வழிபடப்பெறுகின்றாள். கொடிமரமும் நந்தியும் அங்கில்லை. வடித்த சோற்றின் ஆவியே ஆன்மநாதருக்கு நிவேதனமாகின்றது. உருவைக் கடந்த பொருளுக்கு வழிகாட்டிய குருவின் தலத்திற்கு இவ்வமைப்பு மிகவும் இயைபுடையது.

குடமுழுக்குக் காணும் அன்பர்கள், குருவென ஒருவரை நாடுங்கால், அவர் வினாவை ஏற்கின்றாரா, கடமையினின்று தப்பவிடாது நிறுத்துகின்றாரா, தம்மினும் மேலான பொருளைக் காட்டுகின்றாரா என ஆராய்ந்து அடைக. உள்ளத்தைப் பக்குவப்படுத்தி நிற்போர்க்குக் குருந்தின் நிழல் தொலைவன்று.