ஜிம்மி வைட்டும் முதியோர் கிண்ணமும்

1994 மே 2, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலுள்ள குரூசிபிள் அரங்கு. உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டி 17–17 என்று நிற்கிறது. இனி ஒரே ஒரு பிரேம்தான். ஜிம்மி வைட்டுக்கு அன்றைக்குத்தான் 32ஆவது பிறந்தநாள். முன்னிலையில் இருந்தவர், தன்னுடைய இடத்திலேயே கிடந்த கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். கதிரையில் இருந்த ஸ்டீபன் ஹென்ட்ரி எழும்பி வந்து ஒரே வரவில் 58 புள்ளிகள் எடுத்தார். கதை முடிஞ்சுது.

வைட் ஆடிய உலக இறுதிகள் ஆறு. ஆறிலும் தோல்வி. 1984இல் ஸ்டீவ் டேவிஸ், 1991இல் ஜோன் பரட், மற்ற நான்கு முறையும் ஹென்ட்ரி.

ஸ்னூக்கரில ஓடத் தேவையில்லை, பாயத் தேவையில்லை. பிறகென்ன, வயசு போனாலும் விளையாடலாம்தானே எண்டு நினைப்பீங்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 1978ஐ எடுத்துப் பாருங்கள். அந்த வருட உலகச் சம்பியன் ரே ரியர்டனுக்கு 45 வயது; இளமையில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அதே போட்டியில் அரையிறுதி வரை வந்த பிரெட் டேவிஸுக்கு 64 வயது! தொழில்முறை ஆட்டக்காரர்கள் அப்போது மிகக் குறைவு.

பிறகு தொலைக்காட்சி வந்தது, அதோடு காசும் வந்தது. சின்ன வயதிலிருந்தே மேசையோடு வளர்ந்த பெடியள் வந்தார்கள். 1990இல் ஹென்ட்ரி உலகச் சம்பியனானபோது அவருக்கு 21 வயதுதான். 12 அடி நீள மேசையின் மறுமுனையில் கிடக்கிற பந்தின் விளிம்பைத் துல்லியமாகப் பார்க்க வேண்டிய ஆட்டம் இது. நாற்பதுக்குப் பிறகு கண் முதலில் கைவிடும். தரவரிசையில் கீழே போனால் தொழில்முறை இடமும் பறிபோகும்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த 1991இல்தான் முதலாவது உலக முதியோர் போட்டி நடந்தது. இறுதியில் 57 வயது கிளிஃப் வில்சன், 61 வயது எடி சார்ல்டனை 5–4 என்று வென்றார். வில்சனும் ரியர்டனும் வேல்ஸின் ட்ரெடீகர் ஊர்க்காரர்கள், இளவயதுப் போட்டியாளர்கள். உருக்காலையில் வேலை செய்த வில்சன் தொழில்முறைக்கு வந்ததே 45 வயதில். அதன்பிறகு இந்தப் போட்டி நின்றுபோய், 2010இல்தான் திரும்ப வந்தது. அந்த வருட இறுதியில் வைட், டேவிஸை 4–1 என்று வென்றார்.

2019 ஓகஸ்டில் இந்தப் போட்டி குரூசிபிளில் நடந்தது. ஆறு தடவை வெறுங்கையோடு போன அதே அரங்கில், 57 வயதில், டரன் மோர்கனை 5–3 என்று தோற்கடித்துக் கிண்ணத்தைத் தூக்கினார் வைட். அடுத்த வருடம் கென் டொகர்ட்டியிடம் 0–4 என்று பின்னுக்கு நின்று, அடுத்த ஐந்து பிரேம்களையும் எடுத்து 5–4 என்று வென்றார்.

"இதெல்லாம் ஆறுதல் பரிசுதானே?" என்று கேட்கலாம். உலகச் சம்பியனாக 18 பிரேம் எடுக்க வேண்டும். வைட்டுக்கு அந்த இரண்டு இறுதிகளிலும் ஐந்து போதுமாக இருந்தது. 1994ஐ இது அழித்துவிடாது. ஆனால் பழைய நட்சத்திரங்களைக் கூட்டிவந்து கைதட்டுகிற விழா மட்டும் என்றால், சனத்துக்குப் பிடித்த வைட்தான் ஒவ்வொரு முறையும் வென்றிருக்க வேண்டும். 2021 இறுதியில் டேவிட் லில்லியிடம் தோற்றார். 2022 இறுதியில் லீ வோக்கரிடம் 4–5 என்று தோற்றார். இரண்டு பேரும் வைட் அளவுக்குப் பெயர் தெரிந்தவர்கள் இல்லை. மேசைக்குப் பழைய பாசம் எதுவும் கிடையாது.

இந்த ஆட்டங்கள் அவருக்குக் கொடுத்தது, தோற்றாலும் வென்றாலும் நெருக்கடியில் கியூவைப் பிடிக்கிற பழக்கத்தை. 2021 உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஹென்ட்ரியைத் திரும்பவும் சந்தித்தார். 3–6 என்று திரும்பவும் தோற்றார். ஆள் நிற்பாட்டவில்லை. 2022இல், 60 வயதில், பெடியளோடு மோதித் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி யூகே சம்பியன்ஷிப்பின் பிரதான சுற்றுக்குள் நுழைந்தார். அங்கே வயசுக்கென்று தனிக் கிண்ணம் எதுவும் இல்லை.