‘ஓம், பாப்பம்’ என்று சொன்னால் வெளிநாட்டுக்காரருக்கு என்ன விளங்கும்?

மட்டக்களப்பு–கல்முனை வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர் செட்டிபாளையம். இங்கும் அயலூர்களிலும் பனையோலையிலும் பன்னிலும் பெட்டி, பாய் பின்னும் பெண்களில் தனியே குடும்பம் தாங்குபவர்கள் இருக்கிறார்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடுபவர்கள். அவர்களில் சிலருக்கு வெளிநாட்டு ஓடர் வந்தால் மின்னஞ்சல் எழுதிக் கொடுப்பதும் வந்த பதிலை வாசித்துச் சொல்வதும் என் வேலை. நான் கண்டவரை, ஓடர் கைநழுவிப் போவது பெட்டியின் தரத்தால் அல்ல, பேச்சால்.

“அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் 200 பெட்டி முடியுமா?” என்று கேட்டால், எங்கள் ஆட்கள் “ஓம், பாப்பம்” என்பார்கள். ஊருக்குள் இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்: கஷ்டம்தான், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனமில்லை. யேர்மனியில் இருப்பவர் ‘ஓம்’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார். பிறகு மாரி வரும், ஓலை காயாது, வேலை பிந்தும். பிந்துகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு நாங்கள் பேசாமல் இருப்போம். அங்கே அவர் கப்பலில் இடம் பிடித்து, கடைகளுக்கு நாள் குறித்துக் கொடுத்திருப்பார். பிந்தியதைக்கூட அவர் பொறுப்பார், சொல்லாமல் விட்டதைப் பொறுக்க மாட்டார்.

இந்த மௌனத்தை வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. சோதனைச் சாவடியில் ஒரு சொல் குறைத்துப் பேசியவர் வீடு வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. பெயரும் தொகையும் திகதியும் தாளில் இருப்பதே ஆபத்தாக இருந்தது. அப்படிப் பழகிய ஒருவரிடம் “எல்லாவற்றையும் எழுத்தில் தாருங்கள்” என்று கேட்டால் தயக்கம் வரத்தான் செய்யும். வாங்குபவருக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ரி. ஹோல் 1976இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார். சில சமூகங்களில் பொருள் சொல்லில் இருக்கும். வேறு சிலவற்றில் சூழலில், உறவில், சொல்லாமல் விட்டதில் இருக்கும். யேர்மனியரும் சுவிஸ்காரரும் முதல் வகை, யப்பானியர் இரண்டாம் வகை. நாங்களும் யப்பானியருக்குக் கிட்ட என்றுதான் நான் நினைக்கிறேன். யப்பானியர் ‘ஹாய்’ என்றால் பல வேளைகளில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் அர்த்தம், ‘சம்மதம்’ என்றல்ல. ‘அது கொஞ்சம் கஷ்டம்’ என்றால் முடியாது என்பதே. எங்கள் ‘பாப்பம்’ அவர்களுக்கு விளங்கக்கூடும், பேர்லினில் விளங்காது. மறுபக்கம், “இந்த மூடி சரியில்லை” என்று யேர்மனியர் எழுதினால் அது மூடியைப் பற்றிய பேச்சு மட்டுமே. அதை வாசித்துக் காட்டியபோது கண் கலங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

பிந்தும் என்று தெரிந்த அன்றே எழுத வேண்டியது இவ்வளவுதான்: “மழையால் ஓலை காயவில்லை. 200இல் 140 தயார். மிகுதி 60 டிசம்பர் 12இல் தயாராகும். 140ஐ இப்போது அனுப்பவா, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பவா?” நீண்ட மன்னிப்பும் குடும்பக் கஷ்டமும் வேண்டாம். தொகை, திகதி, ஒரு கேள்வி. வாட்ஸ்அப்பில் குரலில் பேசி முடித்தாலும் பேசியதை உடனே இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.

எண்களிலும் பொறி உண்டு. 05/06 என்றால் எங்களுக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். யேர்மன் முறையில் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை அல்ல. இலட்சக் கணக்கு வெளியே செல்லாது, 150,000 என்று முழுமையாக எழுதுங்கள். ஒவ்வொரு போயாவும் இங்கே விடுமுறை என்பதும், ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை எங்களுக்கு மழை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியல் அனுப்பிவிடலாம்.

ஒப்பந்தத் தாள் வந்தால் விளங்காத வரியை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது அவமானம் அல்ல. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலங்களில் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் எங்களிடையே உண்டு. வியாபாரத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. கேள்வி கேட்பவரை வெளிநாட்டு வணிகர் பொதுவாக மதிக்கவே செய்வார்.

ஆனால் மிகவும் சிக்கலானவர், என் கணிப்பில், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் எங்கள் ஆள்தான். “அக்கா, எப்பிடிச் சுகம்?” என்று தொடங்குவார். மொழி ஒன்று என்பதால் எல்லாம் விளங்கிவிட்டதாக இரண்டு பக்கமும் நினைக்கும். அவர் ‘அடுத்த கிழமை’ என்றால் ஏழு நாள். இங்கே ‘அடுத்த கிழமை’ என்றால் அந்தியேட்டி, கோயில் திருவிழா எல்லாம் முடிந்த பிறகு. அவர் தம்பி முறை என்பதால் முற்பணம் கேட்க நா எழாது. உறவு என்பதால் அவரும் இரசீது கேட்கமாட்டார். பிறகு பிணக்கு வந்தால் வியாபாரமும் போகும், கலியாண வீட்டில் முகம் பார்ப்பதும் நின்றுவிடும். தம்பிக்கும் விலையை எழுதுங்கள், பாதி முற்பணம் என்று எழுதுங்கள். சுகம் விசாரிப்பதை அதற்கு மேலே முதல் வரியில் எழுதலாம்.